சீமை மாணாக்கரும் அவர்தம் ஓய்வு வேளையும்

சீமைக்குப் படிக்கச் செல்லும் வாலிபனைக் குறித்து நம்மவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே: என்ன பட்டம், அதனால் எவ்வளவு சம்பளம்? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்ததாக எண்ணி வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார்கள். பையன் அங்கே மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கே போகிறான், ஞாயிற்றுக்கிழமையை யாரோடு கழிக்கிறான், யார் சமைத்ததை உண்கிறான், என்ன பேசுகிறான் என்று கேட்பாரில்லை. அது அற்ப விஷயம் என்பது பொது அபிப்பிராயம். நாமோ அதை அற்பமென்று கருதவில்லை. பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளின் வகுப்பறைகளில் நம் இளைஞர் கற்றதைக் காட்டிலும், அவ்வகுப்புகளுக்கு வெளியே கிடைத்த ஓய்வு வேளையில் அவர்கள் செய்ததே நம் தேசத்தின் கதியைப் பெரிதும் மாற்றியிருக்கிறது. அந்த ஓய்வு இன்று அவர்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

திருவள்ளூருக்குக் கிழக்கே, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், செவ்வாப்பேட்டை ரோடு என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. (சேலத்திலும் ஒரு செவ்வாப்பேட்டை உண்டு, அது வேறு.) 1856-ம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் ரயில் இவ்வழியாகத்தான் சென்றது. 1871-ல் ராய்ச்சூரில் இரு கம்பெனிகளின் பாதைகளும் கூடியபின், சென்னையிலிருந்து பம்பாய் சென்று சீமைக் கப்பல் ஏறிய மாணாக்கர் யாவரும் செவ்வாப்பேட்டை வயல்களைப் பார்த்துக்கொண்டே போயிருக்க வேண்டும். வண்டி அங்கே நின்றிராது. நின்றிருந்தாலும் அவ்வூரிலிருந்து ஏறக்கூடியவர் அந்நாளில் எவருமில்லை. சீமைப் படிப்பு அன்று ஜமீன்தார் மகனுக்கும், ஹைகோர்ட்டு வக்கீல் மகனுக்கும், எங்கோ ஒரு சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளம் பெற்ற அதிருஷ்டசாலிக்கும் உரியதாயிருந்தது.

இன்று நிலைமை வேறு. காலையில் மின்சார ரயிலில் நெருக்கிக்கொண்டு இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் போய்வரும் பையன்கள் அந்த ஸ்டேஷனில் நிற்கிறார்கள். தகப்பனார் அம்பத்தூரிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஷிப்டு வேலை பார்ப்பவராயிருப்பார். ஒரு வருஷ எம்.எஸ்ஸி. படிப்புக்கு மகனை லண்டனுக்கோ கவென்ட்ரிக்கோ அனுப்ப அவரும் இன்று துணிகிறார். வீட்டுப் பத்திரத்தை பாங்கியில் வைக்கிறார், அல்லது மனையாகிவிட்ட பழைய வயலை விற்கிறார். இது நாம் வருந்த வேண்டிய மாறுதல் அன்று. ஒரு காலத்தில் கதவுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே போகிறார்கள், நல்லதுதான். ஆனால் உள்ளே போனபின் அவர்களுக்குக் கிடைப்பது என்ன என்று விசாரிக்க வேண்டாமா?

முதலில் பழங்கதையைச் சற்றுப் பார்ப்போம்.

1888-ல் லண்டனுக்குச் சென்ற மோகன்தாஸ் காந்தி, பாரிஸ்டர் பரீட்சைக்காக இன்னர் டெம்பிளில் சேர்ந்தார். பரீட்சையோ சுலபம், அதைவிட முக்கியமாய்க் கருதப்பட்டது ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள விருந்துகளில் ஆஜராவது. நான்கு பேருக்கு இரண்டு புட்டி மது என்பது அங்கே கணக்கு. குடியாத காந்தி எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் மற்ற மூவருக்கும் பங்கு கூடுமாதலால், அவரைத் தங்கள் மேஜைக்கு அழைப்பதில் போட்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அவர் ஆங்கிலேய கனவானாக மாற எண்ணி, மூன்று பவுன் கட்டி நடனம் கற்கப் போனார். பியானோவின் தாளத்துக்குக் கால் இசையவில்லை. பிடில் வாங்கினார். பிரசங்கக் கலைக்கு ஆசிரியர் வைத்தார். பாண்டு வீதியில் பத்துப் பவுனுக்கு மாலையுடை தைத்துக்கொண்டார். சில மாதங்களில் இந்த மயக்கம் தெளிந்தது. பிறகு அதே ஓய்வு வேளையை வேறு விதமாய்ச் செலவிட்டார். தினம் எட்டுப் பத்து மைல் நடந்தார். காலணாக் கணக்கும் எழுதினார். பாரிங்டன் தெருவில் சைவ போஜனசாலை ஒன்றைக் கண்டு, வயிறார உண்டதோடு, சைவ உணவுச் சங்கத்திலும் சேர்ந்தார். கூட்டம் நடத்துவது, தீர்மானம் கொண்டுவருவது, பத்திரிகைக்கு எழுதுவது முதலிய பொதுவாழ்வின் அரிச்சுவடியை அவர் கற்றது அந்தச் சங்கத்தில். இன்னர் டெம்பிள் அவருக்கு ஒரு சன்னதும் ஓர் அங்கியும் கொடுத்தது. சத்தியாக்கிரகிக்கு வேண்டிய பயிற்சி சாப்பாட்டுக் கடையிலே கிடைத்தது என்றால் மிகையாகாது.

அடுத்து ஹைகேட்டிலிருந்த இந்தியா விடுதியைப் பார்ப்போம். 1905-ம் வருஷம் ஜூலை முதல் தேதி, ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா தம் சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டை மாணாக்கர் விடுதியாக ஹைண்ட்மன் துரை திறந்துவைத்தார். ஏறக்குறைய இருபத்தைந்து பேர் தங்கலாம். ஆங்கிலேய வீட்டுக்காரிகள் பலர் கறுப்பு மனிதருக்கு அறை கொடுக்க மறுத்த காலம் அது. நம் உணவு கிடைப்பதோ அதனினும் அரிது. அங்கே கூடியவர்களில் நம் வரகனேரி வெங்கடேச சுப்பிரமணிய ஐயர் ஒருவர். ரங்கூனிலிருந்து 1907-ல் சென்று லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படித்தவர். வைத்தியம் படிக்கப் போயிருந்த தி. சே. சௌ. ராஜன் மற்றொருவர், பிற்காலத்தில் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார மந்திரியானாரே, அவர்தாம். பகலில் சட்டமும் சரீர சாஸ்திரமும். மாலையில் மாஜினியின் சரித்திரமும், 1857-ன் சரித்திரமும், அவற்றின்மேல் ஓயாத விவாதமும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் பேசியவற்றைக் குறித்துக்கொள்ள ஸ்காட்லாண்டு யார்டிலிருந்து ஆள் வருவதும் வழக்கமாயிற்று.

இங்கே ஒரு நிகழ்ச்சியை ஒதுக்கிவிட மனமில்லை. 1909 அக்டோபரில் விஜயதசமியன்று லண்டன் இந்தியர்கள் ஒரு விருந்து நடத்தினார்கள். தென்னாப்பிரிக்க இந்தியருக்காகத் தூது வந்திருந்த காந்தியைத் தலைமை வகிக்க அழைத்திருந்தார்கள். அரசியல் விவாதம் கூடாது, உணவு சைவமாயிருக்க வேண்டும் என்பவை அவருடைய நிபந்தனைகள். சமையல் பொறுப்பு மாணாக்கருடையது. மத்தியானம் அவர்கள் காய்கறியும் பாத்திரமுமாகத் திண்டாடிக்கொண்டிருக்கையில், மெலிந்த மனிதர் ஒருவர் வந்து சேர்ந்து, கேளாமலே காய்கறி நறுக்கவும் தட்டுகளைக் கழுவவும் தொடங்கினாராம். நல்ல தொண்டர் என்று எண்ணி வேலைகளை அவர்மேல் சுமத்திக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஐயர் வந்து பார்த்து அடையாளம் சொன்ன பிறகுதான், அன்றைய விருந்தின் தலைவரே அவர் என்பது தெரிந்தது. இதைச் சொன்னவர் டாக்டர் ராஜன். விருந்தில் காந்தியும் சாவர்க்கரும் ஒருவர்பின் ஒருவராக ராமாயணத்தைப் பற்றிப் பேசினார்கள். அரசியல் பேசாமலே, அரசியலில் எதிர் எதிரான இரண்டு கட்சிகள் அன்று வெளிப்பட்டன. லண்டனில் இவ்விளைஞரோடு செய்த வாதங்களை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த மாதம் கப்பலில் திரும்புகையில் காந்தி ஹிந்த் ஸ்வராஜ் நூலை எழுதி முடித்தார். மாணாக்கர் தங்கள் ஓய்வு வேளையில் செய்த தர்க்கத்துக்கு விடையாக எழுந்த புத்தகம் அது.

அதே வருஷம் ஜூலை முதல் தேதி, லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் இன்ஜினீயரிங் படித்த மதன்லால் திங்ரா, இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் மாணாக்கருக்காக நடந்த ஓர் உபசாரக் கூட்டத்தில் கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்டு 17-ம் தேதி தூக்கிலிடப்பட்டார். கொலையை நாம் ஆதரிப்பவரல்லேம்; காந்தியும் அதைக் கண்டித்தார். ஆனால் அந்தக் கூட்டம் எவ்வகையானது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்திய மாணாக்கரை அழைத்துத் தேநீர் கொடுத்து, பாட்டுக் கேட்கச் செய்து, அவர்களை அரசாங்கத்துக்கு அநுகூலமாக வைத்துக்கொள்ள ஏற்பட்ட கூட்டங்களில் ஒன்று அது. மாணாக்கருடைய மாலை வேளை எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை நம் பெற்றோர் உணருமுன்பே ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1907-ல், லீ-வார்னர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்துச் சீமையிலுள்ள இந்திய மாணாக்கரின் நடத்தையையும் மனப்போக்கையும் விசாரித்தார்கள். அறிக்கையை வெளியிடாமல் பூட்டி வைத்தார்கள். லிட்டன் பிரபுவின் கமிட்டி 1922-ல் தன் அறிக்கையை வெளியிட்டபோதுதான் அதுவும் வெளிவந்தது. 1910-ல் கிராம்வெல் ரோட்டில் சர்க்கார் ஆதரவில் ஒரு மாணவர் இல்லமும் ஏற்பட்டது. வசதிகள் இருந்தன, ஆனால் ஒற்றர் கண் இருக்குமென்ற ஐயத்தால் பலர் அந்த வாசற்படி ஏறக் கூசினர். ஐயர் அதே 1910-ல் மாறுவேடத்தில் போலீஸாரின் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்தது தமிழர் யாவரும் அறிந்த கதை.

இவ்வளவும் கூட்டமாக வாழ்ந்தவர்களின் கதை. கூட்டமின்றித் தனித்து வாழ்ந்த ஒருவரின் கதை வேறு. அதைச் சொல்லும்போது நமக்கு எழுதுகோல் ஓடுவதில்லை.

1914 மார்ச் 17-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் நெவாஸா கப்பலேறிய ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் ஏப்ரல் மத்தியில் லண்டன் சேர்ந்து, கேம்பிரிட்ஜில் டிரினிடி கலாசாலையில் அமர்ந்தார். கணிதத்தில் அவருக்கு என்ன கிடைத்தது என்பதை உலகம் அறியும். 1918-ல் ராயல் சொஸைடி அங்கத்தினர் பதவியும், அவ்வாண்டே டிரினிடியின் பெலோ பதவியும் வந்தன. மாலையிலும் இரவிலும் அவருக்கு என்ன கிடைத்தது? கலாசாலைப் போஜன மண்டபத்தில் அவர் உண்ணவில்லை. காய்கறியும் கொழுப்பில் வதக்கப்பட்டிருக்குமோ என்ற அச்சம். அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டார். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து பார்சலில் வரவேண்டும். யுத்தம் தொடங்கியபின் எதுதான் ஒழுங்காய் வரும்? கணக்கில் மூழ்கினால் சமைக்க மறப்பார், சமைக்காதபோது பட்டினி. அந்த மண்டபமோ கேம்பிரிட்ஜில் வெறும் சாப்பாட்டு இடம் அன்று. சிநேகம் முளைப்பதும், பேச்சு வளர்வதும், ஊர் வம்பு கிடைப்பதும் அங்கேதான். அதில் உட்காராதவன் அந்த உலகத்துக்கு வெளியே நிற்கிறான். ஆசாரத்தை விடவில்லை என்று அவரை நாம் புகழ்கிறோம், புகழட்டும். அதற்காக அவர் கொடுத்த விலையையும் கணக்கிட வேண்டும்.

கிங்ஸ் கலாசாலையில் படித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஒருநாள் அவருடைய அறைக்குப் போனார். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேலங்கியோடும் சால்வையோடும் தூங்குவதாகவும் ராமாநுஜன் சொன்னாராம். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் யாவும் மெத்தைக்குக் கீழே இறுக்கிச் செருகப்பட்டு அப்படியே இருந்தன; அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொன்னவர் யாருமில்லை. அக்கம்பளிகளின்மேலேயே அவர் படுத்துவந்தார். எல்லையற்ற தொடர்களின் இரகசியம் தெரிந்தவருக்குக் கம்பளிக்குள் புகும் வழி தெரியாதது நகைக்கத்தக்கதாய்த் தோன்றலாம். நமக்கு நகைப்பு வரவில்லை. ஒரு மாணாக்கனுக்கு வேண்டியது பேராசிரியர் மட்டுமல்ல. கம்பளியை உதறிக் காட்ட ஒரு தோழனும் வேண்டும்.

இன்னொரு சம்பவம். ஓர் இந்திய நண்பரையும் இரண்டு பெண்மணிகளையும் ராமாநுஜன் விருந்துக்கு அழைத்து, தம் கையாலே சமைத்து ரசம் பரிமாறினார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார்கள். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது பெண்மணிகள் போதுமென்றனர். சற்று நேரத்தில் பார்த்தால் விருந்தளித்தவரைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. தாம் செய்ததை அவர்கள் விரும்பவில்லையென மனம் புண்பட்டுப் போய்விட்டாராம். நம் ஊரிலானால், போதுமென்ற விருந்தாளியை வற்புறுத்தி இன்னும் ஒரு கரண்டி விடுவது உபசாரம். அங்கே போதுமென்றால் போதும். இவ்வளவு சிறிய வேற்றுமை, தனித்திருப்பவன் மனத்தில் எவ்வளவு பெரிய காயமாகிவிடுகிறது! வீட்டிலிருந்து ஆறுதல் வந்திருக்கலாம். ஜானகி அம்மாள் எழுதிய கடிதங்களோ மாமியாரின் தடையால் அவருக்கு எட்டவில்லை என்று அந்த அம்மாளே பின்னாளில் கூறியிருக்கிறார்.

1917-ல் நோய் வந்தது. ஒரு சுகாதார நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1918-ன் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயிலின் முன் அவர் வீழ்ந்தார். வண்டி நிறுத்தப்பட்டதால் உயிர் பிழைத்தார். 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ம் தேதி சேத்துப்பட்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். க்ஷயரோகம் என்று அன்று எண்ணிச் சிகிச்சை செய்தனர். ஈரலைப் பற்றிய சீதபேதிக் கிருமியே காரணமாயிருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆங்கில வைத்தியர் ஆராய்ந்து எழுதினார். எதுவாயினும், நல்ல சாப்பாடும் நாலு பேர் பேச்சும் நோயாளிக்கு மருந்தாகும் என்பதற்கு வைத்தியர் சாட்சி வேண்டியதில்லை.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்வோம். 1907 முதல் 1910 வரை டிரினிடியில் படித்த ஜவாஹர்லால், ஒரு பருவம் முழுவதும் வாய் திறவாத அங்கத்தினர் அபராதம் கட்ட வேண்டுமென்ற விதியுள்ள விவாத சபையில் சேர்ந்து, கூச்சத்தால் பலமுறை அபராதமே கட்டினார். பின்னாளில் அவர் பேசிய மணி நேரங்களை எண்ணினால் அபராதப் பணத்தை வட்டியோடு வசூலித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்! சுபாஷ் சந்திர போஸ் 1919-ல் கேம்பிரிட்ஜ் சென்று, வெள்ளைக்காரன் தன் பூட்ஸைத் துடைப்பதைப் பார்ப்பதில் தனக்குண்டான இன்பத்தை நண்பருக்கு எழுதினார். சர்வகலாசாலையின் ராணுவப் பயிற்சிப் படையில் இந்திய மாணாக்கரைச் சேர்க்க வேண்டுமென்று வாதாடியும் பயனில்லை. சென்னை புச்சிபாபு நாயுடுவின் புதல்வர் ஸி. ராமஸ்வாமி, கேம்பிரிட்ஜில் பந்தாடிய கையோடு 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பைப் பந்தயத்திலும், 1936-ல் கிரிக்கெட் டெஸ்டிலும் ஆடினார். குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மோகன் 1938-ல் கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவரானார். யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் அருணாசலம் இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1870-களில், அங்கே படித்து 1875-ல் இலங்கை சிவில் ஸர்விஸில் போட்டிப் பரீட்சை மூலம் தேறியவர்.

இவர்களில் ஓய்வென்பதே அறியாதவர் ஒருவர் உண்டு. உபகாரச் சம்பளக் காலம் முடிந்தமையால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய அம்பேத்கர், சேமித்ததும் கடன் வாங்கியதுமான பணத்தோடு 1920-ல் மீண்டும் லண்டன் சென்றார். பிரிட்டிஷ் மியூஸியப் படிப்பறை திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளிவருவார், உணவு அரைவயிறு. 1923-ல் அவர் பெற்ற டாக்டர் பட்டத்தைப் போற்றும் நாம், ஒரு மனிதனுக்கு அந்த மூன்று ஆண்டுகள் அவ்வாறு இருந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அம்பேத்கர் பசியைப் பொறுத்தார். அவருடைய நேரமாவது அவருடையதாயிருந்தது. இன்றைய செவ்வாப்பேட்டைப் பையனுக்கு அதுவுமில்லை.

கணக்கைப் பார்ப்போம். 2022-ல் பிரிட்டன் இந்தியருக்கு அளித்த மாணவர் விசாக்கள் சீனருக்கு அளித்தவற்றையும் மிஞ்சின. 2022-23 கல்வியாண்டில் அந்நாட்டுச் சர்வகலாசாலைகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்திய மாணாக்கர் இருந்தனர். 1907-ல் இருந்தவரோ சுமார் எழுநூறு பேர். இங்கிலாந்தில் உள்நாட்டு இளங்கலை மாணாக்கனிடம் 2025-26-ல் வருஷத்துக்கு 9,535 பவுனுக்கு மேல் வாங்கலாகாது என்று வரம்பு உண்டு. வெளிநாட்டானுக்கு அவ்வித வரம்பு கிடையாது. இருமடங்கும் மும்மடங்கும் வாங்குகிறார்கள். அது தவிர விசாக் கட்டணம். அது தவிர வைத்திய வரி. 2024 பிப்ரவரியில் அதை மாணாக்கருக்கு வருஷம் 470 பவுனிலிருந்து 776 பவுனாக உயர்த்தினார்கள். கைச்செலவுக்குப் பணமிருப்பதாக பாங்கிக் கணக்கும் காட்ட வேண்டும். லண்டனில் படிப்பவனுக்கு மாதம் 1,483 பவுன் வீதம் ஒன்பது மாதத்துக்கு என்று 2025 ஜனவரியில் வைத்தார்கள், பிறகு அதையும் ஏற்றினார்கள். 2024 ஜனவரி முதல், வகுப்பு வழிப் படிக்கும் எம்.ஏ., எம்.எஸ்ஸி. மாணாக்கன் மனைவியை அழைத்துச் செல்லவும் கூடாது. ராமாநுஜனை வாட்டிய தனிமையை இப்போது சட்டமே விதிக்கிறது.

இந்தப் பாரத்தைச் சுமந்து போகும் பையன் என்ன செய்வான்? பருவ நாட்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம் கூலி வேலை செய்யச் சட்டம் இடங்கொடுக்கிறது. அந்த இருபது மணியையும் அவன் விற்றுவிடுகிறான். பண்டகசாலையில் இரவு ஷிப்டு, கடையில் அலமாரி நிரப்புதல், முதியோர் இல்லத்தில் பணிவிடை, ஓட்டலில் தட்டுக் கழுவுதல். வேலையில் இழிவில்லை, தட்டுக் கழுவிய தலைவரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறோம். ஆனால் காந்தி கழுவியது தம் தோழர்களின் தட்டு, பேசிக்கொண்டே கழுவினார். இவனோ காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நடு இரவில், யாரோடும் பேசாமல் கழுவுகிறான். விடிந்தால் வகுப்பில் கண் சொக்குகிறது. சட்டம் விதித்த மணிக்கு மேலும், சட்டக் கூலிக்குக் கீழும் வேலை வாங்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களில் நம் பாஷை பேசுவோரும் உண்டு என்பது வெட்கத்துக்குரியது. அகப்பட்டால் நாடு கடத்தப்படுகிறவன் மாணாக்கனே.

மிஞ்சிய வேளையிலாவது அவன் என்ன காண்கிறான்? நான்கைந்து பேர் ஒரே வீட்டில், எல்லோரும் நம் பக்கத்தவர், எல்லோருக்கும் ஒரே கவலை. திரும்பி வந்த பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்: ஒரு வருஷம் இருந்தும் ஓர் ஆங்கிலேயன் வீட்டுக்குள் காலடி வைத்ததில்லை; விவாத சபையின் கதவைத் தட்டியதில்லை; ஊர்ப் புஸ்தகசாலையில் அங்கத்தினராகவில்லை; ஆற்றோரம் ஒரு மாலை நடந்ததில்லை. சர்வகலாசாலைகளில் நூற்றுக்கணக்கான சங்கங்கள் இருக்கின்றன. மலையேறுவோர் சங்கம், நாடகச் சங்கம், படகோட்டிகள் சங்கம், நம் தமிழ்ச் சங்கங்களும்கூட. பெரும்பாலானவற்றுக்குச் சந்தா அற்பத் தொகை. தடை பணமன்று, நேரமே. கேம்பிரிட்ஜில் 1891-ல் தோன்றிய மஜ்லிஸ் போன்ற சபையில் இரவு பதினோரு மணி வரை வாதாட, மறுநாள் ஐந்து மணிக்குப் பண்டகசாலை வண்டி பிடிக்க வேண்டாதவனாய் இருக்க வேண்டும்.

படிக்கப் போனவனுக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நமக்கு மரியாதை உண்டு. கடன் அவர்கள் பெயரில் இருக்கிறதல்லவா? ஆனால் அவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். பாடத்தை மட்டும் வாங்குவதானால் அதை இன்று வீட்டிலிருந்தபடியே யந்திரத்தின் வழியாகக் கேட்கலாம். அதற்குக் கப்பலும் விமானமும் வேண்டாம். அவர்கள் வீட்டை அடகுவைத்துக் கொடுத்த பணத்தில் பாதி, அந்த நாட்டில் அந்த மனிதரிடையே வாழ்வதற்கான விலை. அந்தப் பாதியைப் பிள்ளை அநுபவியாமல் வந்தால் பாதிப் பணம் வீண். ஆட்டமும் குடியும் கூத்துமே ஓய்வு என்று நினைத்துக் கெட்டவர்களும் உண்டுதான். முற்காலத்து ஜமீன் பிள்ளைகளில் சிலர் பட்டமின்றிக் கடனோடு திரும்பினார்கள். ஆனால் இப்போதைய பையனைக் கெடுப்பது களியாட்டமன்று, களைப்பு.

இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தங்கலாமென்ற ஆசை. அந்த அனுமதியை 2012-ல் எடுத்தார்கள். 2021-ல் இரண்டு வருஷமென்று திரும்பக் கொடுத்தார்கள். 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கையில் பதினெட்டு மாதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். நாம் குறைகூற முடியாது. ஆனால் நம் ஊர் ஏஜெண்டுகள் அந்த அனுமதியை ஜன்மபாத்தியதை போல வர்ணித்துப் பையன்களை ஏற்றியனுப்புவதைக் குறைகூறலாம். எந்தச் சர்வகலாசாலை அதிகக் கமிஷன் கொடுக்கிறதோ அதுவே உத்தமமானது என்பது இவர்களில் பலருடைய சாஸ்திரம்.

செய்யத்தக்கது என்ன? முன்பு செய்தவர்களைப் பார்த்தால் வழி தெரியும். சேலத்தில் பிறந்த கே. டி. பால் என்னும் தமிழர், இந்திய ஒய்.எம்.ஸி.ஏ.யின் தேசீயக் காரியதரிசியாயிருந்தவர், யுத்தத்துக்குப் பின் லண்டனில் நம் மாணாக்கர் படும் அவதியைக் கண்டு, 1920-ல் அங்கே இந்திய மாணாக்கர் சங்கமும் விடுதியும் ஏற்படுத்தினார். ஸ்காட்லாண்டு யார்டுக்கும் சொந்தமில்லாத, இந்தியா ஆபீஸுக்கும் அடங்காத இடமாக அது இருக்க வேண்டுமென்பது அவர் நோக்கம். நம் சாப்பாடு, ஒரு படிப்பறை, பிரசங்கங்கள், ஆங்கிலேயரும் வந்து உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு கூடம், இவ்வளவுதான். கோவர் தெருவிலிருந்த அதன் கட்டிடம் இரண்டாம் யுத்தத்தில் குண்டுக்கு இரையாயிற்று. 1950-களில் பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிதாகக் கட்டினார்கள். அது இன்றும் நடக்கிறது. லண்டன் நகரம் முழுவதற்கும் அவ்வித இல்லங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்ற ஊர்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆதிதிராவிட, பழங்குடி மாணாக்கருக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரால் அயலக உயர்கல்விக்கு உதவிப் பணம் கொடுத்து வருகிறது, பாராட்டுகிறோம். கட்டணத்தோடு நிற்காமல், அங்கே போய்ச் சேர்ந்தவனை வரவேற்று, முதல் மாதம் தங்க இடங்கொடுத்து, கம்பளியை உதறிக் காட்டும் ஒரு தமிழ் இல்லத்தை லண்டனிலும், மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற நகரங்களிலும் அமைக்கச் சர்க்காருக்குப் பெருஞ்செலவு பிடிக்காது. ஈழத் தமிழ்ச் சகோதரர்கள் அகதிகளாகச் சென்ற இடத்தில் கோயில் கட்டினார்கள், வாரந்தோறும் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். பழைய இந்தியா விடுதி இருந்த அதே ஹைகேட்டில் இன்று ஒரு முருகன் கோயில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை மாணாக்கரை வீட்டுக்கு அழைத்து உணவளிப்பதென்று அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஏற்பாடு செய்துகொண்டால், ஓட்டலில் தட்டுக் கழுவும் மணிகளில் சில மிஞ்சும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளையோடு டெலிபோனில் பேசும்போது பணம் அனுப்புவது எப்போது என்ற கேள்விக்கு முன்னால், இந்த வாரம் யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். தனியாக என்று மூன்று வாரம் தொடர்ந்து விடை வந்தால் கவலைப்படுங்கள். புறப்படப்போகும் வாலிபர்களோ, லண்டனில் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை பிட்ஸ்ராய் சதுக்கத்துக்கு ஒருமுறை போய்வரட்டும். இந்திய மாணாக்கர் விடுதி 41-ம் எண் கட்டிடத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். 1918-ல் நோயாளியாயிருந்த ராமாநுஜனைச் சிறிது காலம் வைத்திருந்த வைத்திய விடுதியும் அதே சதுக்கத்திலேதான் இருந்தது.